கணிப்பொறியின் வேகமும் வெப்பமும்

பள்ளிக்கூடத்திற்கோ வட்டார அலுவலகத்திற்கோ கணிப்பொறி வாங்க நேரும்போது ஆசிரியரும் களப் பணியாளரும் எழுப்பும் முதற் கேள்வி, "இவற்றுள் வேகமானது எது?" என்பதே. விற்பனையாளர் தரும் விவரத் தாளில் இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று ஓர் எண் காணப்படும். அவ்வெண் பெரிதாக இருப்பின் பொறியும் வேகமானதாகும் என்று கொள்வது பலரது வழக்கம். சென்ற நூற்றாண்டின் இறுதிவரை இவ்வழக்கம் பெரும்பாலும் பொருந்தியே வந்தது. இன்று இதனை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாற்றம் அடைய நேரிடும்.

காரணத்தை அறிய ஓர் ஒப்பீடு போதும். அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி 1985-ஆம் ஆண்டு வெளியிட்ட 386 என்னும் செயலி, நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புக்களுடன் இயங்கிற்று. அதே கம்பெனி 2004-இல் வெளியிட்ட பென்டியம் 4 செயலியில் அது 380 கோடியை எட்டிற்று. பத்தொன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 240 மடங்கு உயர்வு! அதற்கடுத்த பத்தொன்பது ஆண்டுகளில், அதாவது 2023 வரையில், அக்கம்பெனியின் மிக வேகமான செயலி எட்டிய உச்ச அளவு நொடிக்கு 600 கோடி துடிப்பே, உயர்வு 1.6 மடங்குக்கும் குறைவு. அப்படியிருந்தும் 2023-இன் செயலி 2004-இன் செயலியைக் காட்டிலும் பன்மடங்கு வேலை செய்கிறது. துடிப்பு ஏன் நின்றது, வேலை எவ்வாறு வளர்ந்தது என்னும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

துடிப்பு என்பது யாது?

கணிப்பொறியின் மூளை போன்ற பகுதி செயலி எனப்படும். அது சிலிக்கன் என்னும் தனிமத்தின் மெல்லிய சில்லின்மீது அமைக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களின் தொகுதி. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் மின்னோட்டத்தை விடுவதும் தடுப்பதுமாகிய ஒரு நுண்ணிய சுவிட்சு. இச்சுவிட்சுகள் யாவும் ஒழுங்காக இணைந்து வேலை செய்யும் பொருட்டு, ஒரு மின் கடிகாரம் இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கிறது. படகுப் போட்டியில் தாளத்திற்கு இசையத் துடுப்பு வலிப்போரைப் போன்று, செயலியின் உறுப்புக்கள் இத்துடிப்புக்கு இசைய இயங்குகின்றன. நொடிக்கு ஒரு துடிப்பு ஒரு ஹெர்ட்ஸ். பத்து லட்சம் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸ். நூறு கோடி துடிப்பு ஒரு கிகாஹெர்ட்ஸ்.

எனினும் துடிப்பு வேறு, வேலை வேறு. விரைந்து துடுப்பு வலிக்கும் படகெல்லாம் முந்திச் செல்வதில்லை. ஒவ்வொரு வலிப்பிலும் படகு எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதும் முக்கியம் அன்றோ? செயலியின் வேகமும் மூன்று அளவுகளின் பெருக்கற்பலனாகும். முதலாவது, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது. இரண்டாவது, ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகள் நிறைவேறுகின்றன என்பது. மூன்றாவது, ஒரே சில்லில் எத்தனை செயலிகள் சேர்ந்து உழைக்கின்றன என்பது. இம்மூன்றனுள் முதலாவதை மட்டுமே விளம்பரங்கள் நெடுங்காலம் பறைசாற்றி வந்தன.

முதற் செயலி

இன்டெல் கம்பெனியை 1968-ஆம் ஆண்டில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்னும் இருவர் கலிபோர்னியாவில் நிறுவினர். ஜப்பானியக் கணக்கிடும் கருவிக் கம்பெனியாகிய பிஸிகாம், தன் கருவிக்கென்றே பல சில்லுகள் செய்து தருமாறு இவர்களை அணுகிற்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிச் சில்லு செய்வதைவிட, கட்டளைகளை மாற்றுவதால் எவ்வேலையையும் செய்யவல்ல ஒரு பொதுச் சில்லு அமைத்தல் நன்று என டெட் ஹாஃப் கருதினார். ஸ்டான்லி மேசர், ஃபெடரிக்கோ ஃபஜின், ஜப்பானியப் பொறியாளர் மசதோஷி ஷிமா ஆகியோரின் உழைப்பும் சேர, 1971 நவம்பரில் 4004 என்னும் செயலி விற்பனைக்கு வந்தது.

அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் சுமார் 2,300. அதன் துடிப்பு நொடிக்கு 7 லட்சத்து 40 ஆயிரம். ஒரு சாதாரணக் கட்டளையை முடிக்க அதற்கு 8 துடிப்புக்கள் வேண்டியிருந்தன. ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 92,500 கட்டளைகளையே அது நிறைவேற்றியது. 1993-இல் வந்த பென்டியம் செயலியோ 31 லட்சம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டது. வாய்ப்பு நேர்ந்தபோது ஒரே துடிப்பில் இரண்டு கட்டளைகளை முடித்தது.

சிறுமையால் விளைந்த வேகம்

டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதனைத் திறந்து மூட வேண்டிய மின்னூட்டமும் குறைகிறது. ஆதலின் அது விரைந்து இயங்கும். ஒரு சில்லில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இருமடங்காகும் என்று மூர் 1965-இல் எழுதினார். 1975-இல் அதனை இரண்டாண்டுக்கு ஒரு முறை என்று திருத்தினார். இது இயற்கையின் விதியன்று. தொழிலின் போக்கைக் கணித்த ஒரு மதிப்பீடே.

இம்மதிப்பீட்டுக்குப் பின்னால் இருந்த பௌதிகத்தை ஐ.பி.எம். கம்பெனியின் ராபர்ட் டென்னார்டும் அவர்தம் தோழர்களும் 1974-இல் விளக்கினர். செயலி உண்ணும் மின்திறன், அதன் மின்தேக்கு திறன், மின்னழுத்தத்தின் வர்க்கம், துடிப்பு ஆகிய மூன்றின் பெருக்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களையும் மின்னழுத்தத்தையும் 0.7 மடங்காகக் குறைப்போமாயின், மின்தேக்கு திறனும் 0.7 மடங்காகும், மின்னழுத்தத்தின் வர்க்கம் பாதியாகும், துடிப்பை 1.4 மடங்கு உயர்த்தலாம். இவற்றைப் பெருக்கினால் ஒரு டிரான்சிஸ்டரின் மின்திறன் பாதியாகிறது. அது அடைக்கும் பரப்பும் பாதியே. எனவே ஒரே பரப்பில் இருமடங்கு டிரான்சிஸ்டர்களை வைத்து, அவற்றை மேலும் விரைவாக இயக்கினும், சில்லின் ஒரு சதுர சென்டிமீட்டரில் தோன்றும் வெப்பம் கூடாது!

ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம் செயலிகள் விரைந்து வளர்ந்ததன் இரகசியம் இதுவே. நெடுங்காலம் 5 வோல்ட்டாக இருந்த மின்னழுத்தம் படிப்படியாகத் தாழ்ந்து, 2004-இல் ஏறக்குறைய 1.3 வோல்ட்டுக்கு வந்துவிட்டது.

வெப்பம் என்னும் தடை

இங்கேதான் இடர் தோன்றியது. மின்னழுத்தத்தை மேலும் தாழ்த்தினால் டிரான்சிஸ்டர் முற்றிலும் மூடுவதில்லை. நன்றாக இறுகாத குழாயில் நீர் ஒழுகுவதைப் போன்று மின்னோட்டம் கசிகிறது. அன்றியும், டிரான்சிஸ்டரின் வாயிலைப் பிரிக்கும் சிலிக்கன் டையாக்ஸைடு படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு, அதாவது சுமார் ஐந்து அணு அடுக்கு அளவுக்கு, மெலிந்துவிட்டது. அவ்வளவு மெல்லிய சுவரை எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்வது குவாண்டம் விதிகளின்படி இயல்பே. வேலை செய்யாத டிரான்சிஸ்டரும் மின்சாரத்தை விழுங்கத் தொடங்கிற்று.

2004-இன் பென்டியம் 4 செயலியின் சில்லு 112 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. அதன் வெப்ப அளவு 115 வாட்டாகக் குறிக்கப்பட்டது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். 18 சென்டிமீட்டர் விட்டமும் 1,000 வாட் திறனும் உடைய மின் அடுப்புத் தட்டை எண்ணிப் பாருங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 250 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 வாட்டே. சமையல் செய்யும் தட்டினும் 25 மடங்கு செறிவான வெப்பத்தை, நகத்தளவுச் சில்லிலிருந்து விசிறியும் உலோகத் தகடுகளும் கொண்டு வெளியேற்ற வேண்டியிருந்தது.

பென்டியம் 4-இன் அமைப்பு 10 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் என்று முன்னர் எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் 2004 மே மாதத்தில் இன்டெல் கம்பெனி அதன் அடுத்த வடிவத்தைக் கைவிட்டது. அக்டோபரில், தான் அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் செயலியையும் கைவிட்டது. தலைமை நிர்வாகி கிரேக் பாரட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு, வேடிக்கையாக மன்னிப்புக் கோரியதும் அம்மாதத்தில்தான்.

நீண்ட வரிசையின் குறை

பென்டியம் 4-இன் துடிப்பு மிகுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. கட்டட வேலையில் ஆட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் ஆட்களைக் கூட்டினால் ஒவ்வொருவரும் கை நீட்ட வேண்டிய தூரம் குறையும். சட்டிகளும் விரைந்து கைமாறும். அதுபோன்று, ஒரு கட்டளையைப் பல சிறு படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் சுருங்கும், துடிப்பை உயர்த்தலாம். முதற் பென்டியம் செயலியில் இத்தகைய படிகள் 5. பென்டியம் 4-இல் முதலில் 20. 2004-இன் வடிவத்தில் 31.

ஆனால் சட்டியை இந்தச் சுவருக்கு அனுப்புவதா, அந்தச் சுவருக்கு அனுப்புவதா என்பது முன்கூட்டித் தெரியாவிடின் என் செய்வது? செயலி ஊகித்து அனுப்புகிறது. ஊகம் தவறினால் வரிசையிலுள்ள சட்டிகள் யாவும் வீண். முதலிலிருந்து நிரப்ப வேண்டும். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நட்டமும் பெரிது. ஆகவே துடிப்பு மிகுந்திருந்தும், ஒரு துடிப்பில் நிறைவேறும் வேலை குறைந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் இருந்த அதே கம்பெனியின் பொறியாளர்கள், மடிக்கணினிக்கென 2003-இல் உருவாக்கிய பென்டியம் எம் செயலி, 1.6 கிகாஹெர்ட்ஸ் துடிப்பில் இயங்கியும், பல வேலைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலிக்கு ஈடு கொடுத்தது. தலைமை அலுவலகம் பெருமையாகக் கொண்ட எண், தன் கிளையிலேயே பொய்த்துப்போயிற்று எனலாம்.

ஒன்றுக்குப் பதில் இரண்டு

இதன்பின் எடுத்த வழி எளிய கணக்கை ஒட்டியது. துடிப்பை 0.8 மடங்காகக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் ஏறத்தாழ 0.8 மடங்காக்கலாம் என்று கொள்வோம். மின்திறன் 0.8-இன் மும்மடிப் பெருக்கத்தின்படி 0.51 மடங்காகிவிடும். ஆகவே ஒரு செயலி உண்ணும் மின்சாரத்தில், சற்று மெதுவாகச் செல்லும் இரண்டு செயலிகளை இயக்கலாம். இரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலை செய்யும். ஒரே சில்லில் இவ்வாறு அமையும் ஒவ்வொரு செயலியையும் கரு என்போம். விற்பனையாளர் இதனைக் கோர் என்பர்.

ஐ.பி.எம். கம்பெனி 2001-லேயே இரு கருச் செயலியை வெளியிட்டிருந்தது. இன்டெல் 2005-இல் இவ்வழிக்கு வந்தது. 2006 ஜூலையில் அது வெளியிட்ட கோர் 2 டுவோ செயலி, ஹைஃபா அமைப்பைப் பின்பற்றியது. அதில் படிகள் 14. ஒவ்வொரு கருவும் ஒரே துடிப்பில் நான்கு கட்டளைகள்வரை முடிக்க வல்லது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வடிவத்தின் வெப்ப அளவு 65 வாட். முந்திய இரு கருச் செயலியைக் காட்டிலும் 40 சதவீதம் மிகுந்த திறனும், 40 சதவீதம் குறைந்த மின் செலவும் உடையது என்று கம்பெனி அறிவித்தது. துடிப்பு இறங்கிற்று, வேகம் ஏறிற்று.

கசிவைத் தடுக்கும் முயற்சியும் நடைபெற்றது. 2007-இல் வந்த செயலிகளில் வாயில் படலத்திற்குச் சிலிக்கன் டையாக்ஸைடுக்குப் பதிலாக ஹாஃப்னியம் என்னும் உலோகத்தின் சேர்மம் உபயோகிக்கப்பட்டது. இது தடித்த படலமாக இருந்தும் மெல்லிய படலத்தைப் போன்றே வேலை செய்வதால் கசிவு பெரிதும் குறைந்தது. 2012-இல் வந்த செயலிகளில் டிரான்சிஸ்டரின் மின்வழி, தட்டையாக இருப்பதற்குப் பதில் மீனின் துடுப்பைப் போன்று எழுந்து நின்றது. வாயில் அதனை மூன்று பக்கமும் தழுவியது. எனினும் சிறுமையாக்கும் பணி வரவரக் கடினமாயிற்று. 2016-இல் எதிர்பார்க்கப்பட்ட 10 நானோமீட்டர் முறை, 2019-இல்தான் இன்டெல் கம்பெனிக்குப் பெருமளவில் கைகூடிற்று.

நம் நாட்டில் ஓர் உதாரணம்

மெதுவான பல கருக்கள் சேர்ந்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2018 ஜனவரியில் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தில் பிரத்யுஷ் என்னும் மீத்திறன் கணிப்பொறி நிறுவப்பட்டது. அதில் பொருத்தப்பட்ட இன்டெல் செயலிகளின் துடிப்பு 2.1 கிகாஹெர்ட்ஸ். 2004-இன் பென்டியம் 4-ஐ நோக்க இது பாதியைவிடச் சற்றே மிகுதி! ஆனால் கருக்களின் எண்ணிக்கை 1,19,232. இவை யாவும் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 40 கோடி கோடி கணக்குகள் போடும் திறன் பெற்றிருந்தன.

வானிலைக் கணக்கு இதற்கு மிகவும் ஏற்றது. பூமியின் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் சில கருக்களிடம் ஒப்படைக்கலாம். எல்லையில் உள்ள விவரங்களை மட்டும் அவை தமக்குள் பரிமாறிக்கொண்டால் போதும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை எட்டு மடங்கு. 2018-இல் 12 கிலோமீட்டர் கட்டத்தில் முன்னறிவிப்பு செய்ய முடிந்ததற்கு இத்திறனே துணை நின்றது. விதைப்பு நாளைக் குறிக்கக் காத்திருக்கும் உழவரிடம் மழைச் செய்தியைக் கொண்டு செல்லும் களப் பணியாளர், அச்செய்திக்குப் பின்னால் இக்கருக்கள் உழைத்தன என்பதை அறிந்திருத்தல் நன்று.

பங்கிட முடியாத வேலை

எல்லா வேலையும் இவ்வாறு பங்கிடக் கூடியதன்று. ஒரு வேலை 100 நிமிடம் எடுப்பதாகவும், அதில் 20 நிமிடப் பகுதியை ஒருவரே செய்ய வேண்டுமென்றும் கொள்வோம். நான்கு கருக்கள் சேர்ந்தால் எஞ்சிய 80 நிமிடம் 20 ஆகும். மொத்தம் 40 நிமிடம். வேகம் இரண்டரை மடங்கே. ஆயிரம் கருக்களைச் சேர்த்தாலும் 20 நிமிடத்திற்குக் கீழே செல்ல இயலாது. ஐந்து மடங்கே எல்லை. ஜீன் அம்டால் 1967-இல் சுட்டிக்காட்டிய உண்மை இது.

நினைவகத்தின் தாமதமும் உண்டு. மேசைமீதுள்ள கோப்பை எழுத்தர் உடனே எடுப்பார். ஆவண அறையிலிருந்து வர வேண்டுமாயின் கைகட்டிக் காத்திருப்பார். செயலியும் முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு விவரத்தைப் பெற இருநூறு, முந்நூறு துடிப்புக்கள் காத்திருக்க நேரும். ஆகவே சில்லுக்குள்ளேயே மேசை போன்ற சிறு நினைவகம் அமைக்கப்படுகிறது. 1989-இன் 486 செயலியில் அதன் அளவு 8 கிலோபைட். இன்றைய செயலிகளில் அது பல மெகாபைட்.

கவனிக்கத்தக்கவை

கணிப்பொறி வாங்குவோர் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் ஒப்பிடலாகாது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒரே ஆண்டில் வெளிவந்த இரு செயலிகளை ஒப்பிடுகையில்தான் அதற்குப் பொருள் உண்டு. தம் அலுவலகத்தில் அன்றாடம் நடைபெறும் வேலையையே இரு பொறிகளிலும் செய்து, நேரத்தைக் குறித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை. கடிதம் எழுதுவதற்கும் மாணவர் பதிவேட்டுக்கும் பல கருக்கள் தேவையில்லை. அத்தொகையைப் போதிய நினைவகத்திற்குச் செலவிடுதல் பயனளிக்கும்.

இரண்டாவதாக, இன்றைய செயலி தன் வெப்பத்தைத் தானே அளந்து, எல்லை மீறினால் துடிப்பைக் குறைத்துக்கொள்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் அறையில், காற்றுத் துளைகள் தூசியால் அடைபட்ட பொறி, புதிதாக வாங்கிய நாளின் வேகத்தைத் தராது. "பொறி பழசாகிவிட்டது" என்று ஒதுக்குவதற்கு முன், மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியிலும் துளைகளிலும் படிந்த தூசியை அகற்றுக; சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்க. செலவில்லாத இச்சிறு பணியால் மீண்டும் உழைக்கத் தொடங்கும் பொறிகள் பல.

வகுப்பில் செய்வதற்குரிய பயிற்சிகள்

1. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 4004 செயலியின் ஒரு துடிப்பு நேரத்திலும், 3 கிகாஹெர்ட்ஸ் செயலியின் ஒரு துடிப்பு நேரத்திலும் ஒளி எவ்வளவு தூரம் செல்லும்? (விடை: சுமார் 405 மீட்டர், 10 சென்டிமீட்டர்.) சில்லின் உறுப்புக்கள் நெருங்கி இருக்க வேண்டியதன் காரணத்தை மாணவர் கூறுக.

2. துடிப்பையும் மின்னழுத்தத்தையும் 0.9 மடங்காக்கினால் மின்திறன் எத்தனை மடங்காகும்? (விடை: 0.73.)

3. ஒரு வேலைக்கு 60 நிமிடம் வேண்டும். அதில் 12 நிமிடம் பங்கிட முடியாதது. ஆறு கருக்கள் சேர்ந்தால் எத்தனை நிமிடம்? (விடை: 20.)

4. பத்து மாணவரை வரிசையாக நிறுத்திப் புத்தகங்களைக் கைமாற்றச் செய்க. நடுவில் ஆசிரியர் "அவை வேண்டா" என்று கூறியதும், எல்லாப் புத்தகங்களையும் கீழே வைத்து மீண்டும் தொடங்கச் செய்க. பின்னர் ஐந்து மாணவருடன் இதனையே செய்து, வீணான புத்தகங்களை எண்ணுக. வரிசை நீண்டால் நட்டம் மிகும் என்பதை மாணவர் தம் கைகளாலேயே உணர்வர்.